நிலக்கரிக்காரர்களின் கிளப் எப்படிச் சரிந்தது?

2021 ஏப்ரல் 20-ம் தேதி இரவு, ஜெர்மனியின் பீலஃபெல்ட் நகரில், ரசிகர்கள் யாரும் இல்லாத மைதானத்தில் ஒரு கால்பந்து ஆட்டம் முடிந்தது. 1-0 என்று தோற்றது ஷால்கே 04 என்ற கிளப். சீசனில் இன்னும் நான்கு ஆட்டங்கள் பாக்கி. ஆனால் கணக்கு அன்றைக்கே முடிந்துவிட்டது. ஜெர்மனியின் முதல் பிரிவு லீகான புண்டஸ்லீகாவில் 30 ஆண்டுகள் இடைவிடாமல் ஆடிய கிளப், இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது.

எங்கோ ஒரு கிளப் தோற்றதற்கு இந்தப் பத்தியில் என்ன வேலை என்று கேட்கலாம். விளையாட்டுப் பக்கத்தில் நாலு வரியில் முடிய வேண்டிய செய்திதான். ஆனால் இது சுரங்கத்தில் இறங்கி நிலக்கரி வெட்டியவர்கள் உருவாக்கிய கிளப். மேட்டுக்குடியினர் "போலந்துக்காரப் பயல்களின் கிளப்" என்று ஏளனம் செய்த கிளப். அது இந்த நிலைக்கு எப்படி வந்தது, விழுந்தபோது அடி யார் மேல் விழுந்தது என்று பார்த்தால், கதை நமக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை.

ஐபிஎல் பார்த்துப் பழகிய மாணவர்களுக்கு ஒரு விளக்கம். ஐபிஎல்லில் கடைசி இடம் வந்தாலும் அடுத்த ஆண்டு அணி அங்கேயே இருக்கும். ஐரோப்பியக் கால்பந்தில் அப்படி இல்லை. புண்டஸ்லீகாவில் 18 அணிகள். ஒவ்வொன்றுக்கும் 34 ஆட்டங்கள். கடைசி இரண்டு இடத்தில் வருபவை நேரே கீழ்ப் பிரிவுக்குப் போக வேண்டும். 16-வது இடத்தில் உள்ள அணி கூடுதலாக இரண்டு ஆட்டம் ஆடி இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். கீழிருந்து வென்று வருபவர்கள் மேலே ஏறுவார்கள். பணம், பெயர், பழம்பெருமை எதுவும் செல்லாது.

சீசன் தொடங்கியதே 8-0 என்ற தோல்வியில்தான். 2020 செப்டம்பர் 18-ம் தேதி பேயர்ன் மியூனிக் போட்ட எட்டு கோல்கள் அவை. முந்தைய சீசனில் ஜனவரி 17-ம் தேதி வென்றதோடு சரி. அடுத்த லீக் வெற்றி கிடைக்க ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. 30 ஆட்டங்களில் வெற்றியே இல்லை. 1965-66 சீசனில் டாஸ்மேனியா பெர்லின் என்ற சிறிய கிளப் 31 ஆட்டங்கள் வெற்றியின்றி ஆடியதுதான் லீக் வரலாற்றின் மிக மோசமான சாதனை. 'எங்களுக்கென்று இருப்பது அது ஒன்றுதான், அதையும் பிடுங்காதீர்கள்' என்பதுபோல, அந்தக் கிளப்பின் ரசிகர்கள் ஷால்கே ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். ஜனவரி 9-ம் தேதி ஹோஃபன்ஹைமை 4-0 என்று வென்று ஷால்கே அந்தச் சாதனையை அவர்களிடமே விட்டுவைத்தது.

மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை. ஒரே சீசனில் ஐந்து பயிற்சியாளர்கள். 34 ஆட்டங்களில் 3 வெற்றி, 7 சமன், 24 தோல்வி. போட்டது 25 கோல், வாங்கியது 86. மொத்தம் 16 புள்ளி.

அதற்கு மூன்றே ஆண்டுக்கு முன், 2018-ல், இதே கிளப் லீகில் இரண்டாம் இடம் பிடித்திருந்தது.

இனி கிளப்பின் பூர்வீகத்துக்கு வருவோம். ஷால்கே என்பது கெல்சன்கிர்ஷன் நகரின் ஒரு பகுதி. ரூர் என்ற நிலக்கரி வட்டாரத்தில் உள்ள ஊர். 1904-ல் அங்கே சில சிறுவர்கள் சேர்ந்து அணி தொடங்கினார்கள். அன்று ரூர் சுரங்கங்களுக்கு ஆள் போதவில்லை. கிழக்கே மசூரியா, போலந்துப் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக அழைத்து வரப்பட்டார்கள். 'ஸ்கி' என்று முடியும் பெயர்கள் அவர்களுடையவை. கம்பெனி கட்டிய குடியிருப்புகளில் வாழ்ந்து, விடிவதற்கு முன் சுரங்கத்தில் இறங்கி, பொழுது சாய்ந்த பின் பந்து விளையாடியவர்கள். அணியின் மாபெரும் நட்சத்திரமான எர்ன்ஸ்ட் குசோராவும் கான்சோலிடேஷன் என்ற சுரங்கத்தில் வேலை பார்த்தவர்தான். இன்றும் அணியின் செல்லப் பெயர் 'சுரங்க இளைஞர்கள்'. புதிய மைதானத்தில் ஆட்டக்காரர்கள் வெளியே வரும் வழியைச் சுரங்கப் பாதை போலவே கருப்பாக அமைத்திருக்கிறார்கள்.

1930-ல் நடந்தது முக்கியம். அப்போது ஜெர்மனியில் கால்பந்து பணம் வாங்காமல் ஆட வேண்டிய விளையாட்டு. படிச் செலவுக்கு என்று சில மார்க் மட்டும் கொடுக்கலாம். கேட்க உயர்ந்த கொள்கை போலத்தான் இருக்கும். வக்கீல் மகனுக்கும் வியாபாரி மகனுக்கும் அதில் கஷ்டமில்லை. ஒரு ஷிஃப்டை விட்டால் அன்றைய கூலி போய்விடும் சுரங்கத் தொழிலாளிக்கு, பணமின்றி ஆடு என்பது ஆடாதே என்பதற்குச் சமம். ஷால்கே நிர்வாகம் தன் ஆட்டக்காரர்களுக்கு அனுமதித்ததைவிடக் கூடுதலாகச் சில மார்க் கொடுத்தது. அது வெளியே தெரிந்ததும், 1930 ஆகஸ்டில் மேற்கு ஜெர்மனிக் கால்பந்து சங்கம் 14 ஆட்டக்காரர்களுக்குத் தடை விதித்தது. கிளப்பின் பொருளாளர் வில்லி நீர் அவமானம் தாங்காமல் கால்வாயில் குதித்து உயிரைவிட்டார்.

யாரையும் பெயர் சொல்லி ஒதுக்காத விதிதான் அது. எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் யார் தடுக்கி விழுவார்கள் என்பது விதியை எழுதியவர்களுக்குத் தெரியும். அடுத்த ஆண்டு தடை நீங்கி, 1931 ஜூன் 1-ம் தேதி ஷால்கே மறுபடி களமிறங்கியபோது சுமார் 70,000 பேர் திரண்டார்கள். ஊரே தன் வழக்கில் தீர்ப்புக் கேட்க வந்ததுபோல.

1934-லிருந்து 1942-க்குள் ஆறு முறை ஷால்கே ஜெர்மன் சாம்பியன். இதைப் பெருமையாக மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. அது ஹிட்லரின் காலம். கிளப்பின் துணைத் தலைவராக இருந்த யூதர், பல் மருத்துவர் பால் ஐகென்க்ரூன், 1933-லேயே வெளியேற்றப்பட்டார். இளையோர் அணியில் ஆடிய எர்ன்ஸ்ட் அலெக்சாண்டர் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டார். அணியின் இன்னொரு பெரிய நட்சத்திரமான ஃபிரிட்ஸ் ஷெபான், யூதர்களிடமிருந்து பறிக்கப்பட்ட துணிக்கடை ஒன்றைத் தன் பெயருக்கு வாங்கிக்கொண்டார். 'போலந்துக்காரன்' என்று ஏளனம் கேட்டு வளர்ந்தவர் அவர். தனக்குக் கீழே இன்னொருவன் தள்ளப்பட்டபோது அவன் கடைச்சாவியைக் கைநீட்டி வாங்கினார். இழிவுபட்ட சமூகம் தானாகவே நியாயத்தின் பக்கம் நிற்கும் என்று நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு நம் ஊர்களிலும் உதாரணம் தேட வேண்டியதில்லை.

போருக்குப் பின் துருக்கியிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளும் அதே தெருக்களில் பந்தடித்து வளர்ந்தார்கள். மெசூத் ஓசில், இல்காய் குந்தோகன் இருவரும் கெல்சன்கிர்ஷனில் பிறந்தவர்கள். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பக்கத்து ஊரான போட்ரோப்பில், ஜெர்மனியின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடியது. இன்று வேலையில்லாதோர் விகிதம் மிக அதிகமுள்ள ஜெர்மன் நகரங்களில் கெல்சன்கிர்ஷனும் ஒன்று. அந்த ஊருக்கு மிச்சமிருந்த பெரிய சொத்து இந்தக் கிளப்தான்.

பணம் எப்படிப் போயிற்று? திறமை வளர்க்கும் பயிற்சிப் பள்ளி ஷால்கேயிடம் உண்டு, உலகத்தரம் வாய்ந்தது. ஆனால் வளர்த்த பிள்ளைகளை ஒப்பந்தம் முடியும்வரை வைத்திருந்து, ஒரு காசு வாங்காமல் விட்டார்கள். ஜோயல் மாட்டிப் லிவர்பூலுக்குப் போனார். லியோன் கொரெட்ஸ்கா, அலெக்சாண்டர் நியூபல் இருவரும் பேயர்னுக்குப் போனார்கள். எல்லோரும் இலவசமாகத்தான். அவர்களுக்குப் பதிலாக வந்தவர்களுக்குப் பெரிய சம்பளம். கொரோனா வந்து மைதானம் மூடியபோது கடன் சுமார் 20 கோடி யூரோவாக இருந்தது. இவ்வளவும் விளையாட்டுப் பக்கங்கள் விரிவாக எழுதிவிட்ட சங்கதி. அவை ஓரமாகத் தொட்டுவிட்டுப் போன வேறு சில விஷயங்களை இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

2001 முதல் கிளப்பின் மேற்பார்வைக் குழுத் தலைவராக இருந்தவர் கிளெமென்ஸ் டோனீஸ். ஜெர்மனியின் மிகப்பெரிய பன்றி இறைச்சி நிறுவனத்தின் அதிபர். 2019 ஆகஸ்டில் பாடர்போர்ன் நகரில் தொழில்முனைவோர் கூட்டம் ஒன்றில் பேசினார். பருவநிலை மாற்றத்துக்காக இங்கே வரி போடுவதற்குப் பதில் ஆப்பிரிக்காவில் மின் நிலையங்கள் கட்டிக் கொடுக்கலாம். அப்போது ஆப்பிரிக்கர்கள் மரம் வெட்டுவதையும், இருட்டிவிட்டால் பிள்ளை பெறுவதையும் நிறுத்துவார்கள் என்ற பொருளில் பேச்சு இருந்தது. கூட்டத்தில் கைதட்டலும் கிடைத்தது.

1994-லேயே தன் சட்டவிதிகளில் இனவெறிக்கு எதிரான பிரிவைச் சேர்த்த முதல் ஜெர்மன் லீக் கிளப் ஷால்கே. ஆப்பிரிக்காவில் பிறந்து ஜெர்மனியின் தேசிய அணிக்கு ஆடிய முதல் கறுப்பினத்தவரான ஜெரால்டு அசமோவா இந்தக் கிளப்பின் அடையாளம் போன்றவர். தலைவரின் பேச்சு தன்னைப் புண்படுத்தியது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். ரசிகர்கள் மைதானத்தில் சிவப்பு அட்டை காட்டினார்கள். கிளப்பின் நெறிமுறைக் குழு கூடியது. கிளப் விதியில் உள்ள பாகுபாட்டுத் தடையை அவர் மீறியிருக்கிறார், ஆனால் இனவெறி என்ற குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று முடிவு செய்தது! டோனீஸ் தாமாகவே மூன்று மாதம் ஒதுங்கியிருந்துவிட்டு மீண்டும் நாற்காலிக்கு வந்தார். ஜெர்மன் கால்பந்து சங்கத்தின் நெறிமுறைக் குழுவோ, பேச்சு இனவெறிதான், பேசியவர் இனவெறியர் அல்ல, எனவே நடவடிக்கை தேவையில்லை என்றது. சாதிப் பெயர் சொல்லித் திட்டியது உண்மை, ஆனால் திட்டியவர் மனதில் சாதி இல்லை என்று கட்டப்பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்லிக் கேட்டவர்களுக்கு இந்த வாதம் புதிதாக இருக்காது.

ஆறே மாதத்தில், 2020 பிப்ரவரி 4-ம் தேதி, அதே மைதானத்தில் ஹெர்த்தா பெர்லின் அணியின் ஜோர்டன் டொருனரிகாவைப் பார்த்துச் சிலர் குரங்குபோலக் குரல் எழுப்பினார்கள். ஜெர்மனியில் பிறந்தவர் அவர், தந்தை நைஜீரியர். களத்திலேயே கண்ணீர்விட்டார். ஆட்டம் நிறுத்தப்படவில்லை. கடைசியில் ஆத்திரத்தில் இருந்த அவருக்கே சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பினார்கள். பிறகு ஷால்கேவுக்கு 50,000 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. தலைவரின் பேச்சால்தான் இது நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மேலே இருப்பவருக்கு மூன்று மாத ஓய்வுதான் தண்டனை என்பதை மைதானத்தில் இருந்த எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

அடுத்தது 2020 ஜூன். டோனீஸின் ரேடா-வீடன்புரூக் இறைச்சி ஆலையில் கொரோனா வெடித்தது. 1,500-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குத் தொற்று. இரண்டு மாவட்டங்கள் மறுபடி ஊரடங்குக்குள் போயின. அப்போதுதான் அந்த ஆலைக்குள் வேலை செய்பவர்கள் யார் என்று ஜெர்மனி முழுக்கப் பேசியது. பெரும்பாலோர் ருமேனியா, பல்கேரியா, போலந்திலிருந்து வந்தவர்கள். அவர்களில் கணிசமானோர் ஆலையின் ஊழியர்கள் அல்லர். துணை ஒப்பந்தக்காரரின் ஆட்கள். வேலை குளிரூட்டிய அறைகளில், நெருக்கியடித்து. தங்குவது நெரிசலான பொது அறைகளில், அதற்கு வாடகை வேறு. ஒப்பந்தத் தொழிலாளர் என்றால் என்ன என்று இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. லாபம் கம்பெனிக்கு, பொறுப்பு ஒப்பந்தக்காரருக்கு, நோய் தொழிலாளிக்கு.

அந்த மாநிலத்தின் முதல்வர் அர்மின் லாஷெட்டிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, ருமேனியர்களும் பல்கேரியர்களும் வந்ததால் வைரஸ் வந்தது என்ற பாணியில் பதில் சொன்னார். கண்டனம் எழுந்ததும், தான் அப்படிச் சொல்லவில்லை என்று விளக்கம் கொடுத்தார். நோய் பரவினால் முதலில் சுட்டப்படுவது சேரிதான் என்பது எந்த நாட்டிலும் மாறுவதில்லை போலிருக்கிறது.

அதே மாதம் கிளப்புக்குள் இரண்டு சம்பவங்கள். பயிற்சிப் பள்ளிச் சிறுவர்களை வீட்டிலிருந்து அழைத்து வரும் 24 ஓட்டுநர்களை வேலையைவிட்டு நிறுத்திவிட்டு, அந்த வேலையை வெளி நிறுவனத்துக்குக் கொடுக்கத் தீர்மானித்தார்கள். 'மினி ஜாப்' எனப்படும், அப்போது மாதம் அதிகபட்சம் 450 யூரோ தந்த வேலைகள் அவை. 20 கோடிக்கு மேல் கடன் வைத்த கிளப் சிக்கனத்தை எங்கிருந்து தொடங்கியது பாருங்கள்.

இன்னொன்று, மைதானம் மூடியதால் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்ட ரசிகர்களிடம், உங்களுக்கு உண்மையிலேயே கஷ்டம்தானா என்று விளக்கி மனுக் கொடுக்கச் சொன்னது கிளப். தன்னுடைய பணத்தைத் திரும்பப் பெறத் தன் வறுமையை எழுதிக் காட்ட வேண்டும்! வேலையில்லாத ஊரின் ரசிகர்களிடம் இதைக் கேட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டார்கள்.

ஜூன் 27-ம் தேதி ரசிகர்கள் மனிதச் சங்கிலி அமைத்தார்கள். 'ஷால்கே இறைச்சிக்கூடம் அல்ல' என்பது முழக்கம். தலைவரின் ஆப்பிரிக்கா பேச்சு, ஆலைத் தொழிலாளர் நிலைமை, 24 ஓட்டுநர்கள், டிக்கெட் மனு எல்லாவற்றையும் ஒரே பிரச்சினையாக அவர்கள் பார்த்தார்கள் என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. ஜூன் 30-ம் தேதி டோனீஸ் பதவி விலகினார். அவர் போனபின் பத்து மாதத்துக்குள் கிளப் விழுந்தது. அவர் இருந்திருந்தால் விழுந்திருக்காது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். கடனும் ஒப்பந்தங்களும் யார் காலத்தவை என்று பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது.

இந்தக் கதையில் நடந்த ஒரே நல்ல மாற்றம் மைதானத்துக்கு வெளியே. இறைச்சி ஆலைகளின் முக்கிய வேலைகளில் துணை ஒப்பந்த முறைக்கு ஜெர்மனி சட்டம் போட்டுத் தடை விதித்தது. 2021 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. பல ஆண்டுகளாகத் தொழிற்சங்கங்கள் கேட்டும் நடக்காதது, நோய் ஊருக்குள் வந்ததும் ஆறே மாதத்தில் நடந்தது.

பீலஃபெல்டிலிருந்து அணி பேருந்தில் ஊர் திரும்பியபோது நள்ளிரவைத் தாண்டிவிட்டது. மைதான வாசலில் நூற்றுக்கணக்கான ரசிகர்கள் காத்திருந்தார்கள். முட்டைகள் பறந்தன. சிலர் ஆட்டக்காரர்களைத் துரத்தித் தாக்கினார்கள். உயிருக்குப் பயந்து ஓடியவர்களில் சீசன் பாதியில் வந்து சேர்ந்தவர்களும், இருபது வயதைத் தொட்ட பையன்களும் இருந்தார்கள். கோபத்துக்கு நியாயம் இருக்கலாம்; அடிக்கு இல்லை. கடன் வாங்கியவர்களும், இலவசமாக ஆட்டக்காரர்களை விட்டவர்களும், ஓட்டுநர்களை நிறுத்தியவர்களும் அந்தப் பேருந்தில் இல்லை. கைக்கு எட்டுகிறவனை அடிப்பது சுலபம்.

அதே ஏப்ரல் 20 இரவில்தான் இன்னொரு நாடகமும் முடிந்தது. இரண்டு நாள் முன்பு இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலியின் 12 பணக்காரக் கிளப்புகள் சேர்ந்து 'சூப்பர் லீக்' அறிவித்திருந்தன. அதில் நிறுவன உறுப்பினர்களுக்குத் தரமிறக்கமே கிடையாது. எவ்வளவு மோசமாக ஆடினாலும் இடம் நிரந்தரம். வாழ்நாள் முழுக்கத் 'தகுதி, திறமை' என்று பேசியவர்கள், தங்கள் இடத்தை மட்டும் பிறப்புரிமையாக எழுதிக்கொள்ளப் பார்த்தார்கள். இங்கிலாந்து ரசிகர்கள் தெருவில் இறங்கியதும், ஷால்கே விழுந்த அதே இரவில் ஆறு ஆங்கிலக் கிளப்புகளும் விலகிக்கொண்டன. இடஒதுக்கீடு என்றாலே தகுதி போச்சு என்று முழங்குகிறவர்களிடம் மாணவர்கள் இந்தச் சூப்பர் லீகைப் பற்றி ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ஜெர்மன் கிளப்புகள் எதுவும் அந்தப் பன்னிரண்டில் இல்லை. அங்கே உறுப்பினர்களின் கையில் பெரும்பான்மை வாக்குரிமை இருக்க வேண்டும் என்ற விதி இருப்பது ஒரு காரணம். ஷால்கே இன்றும் கம்பெனி ஆகவில்லை. பதிவு செய்யப்பட்ட சங்கமாகவே இருக்கிறது. கடனைக் காட்டி, கிளப்பைக் கம்பெனியாக மாற்றி முதலீட்டாளரைக் கொண்டுவரலாம் என்று நிர்வாகத்தில் அப்போது ஒரு பேச்சு இருந்தது. கூடாது என்றார்கள் பழைய ரசிகர்கள். உறுப்பினர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஆளுக்கு ஒரு வாக்கு; இறைச்சி ஆலை அதிபருக்கும் ஒன்று, சுரங்கத் தொழிலாளியின் பேரனுக்கும் ஒன்று.

அந்த ஒரு வாக்கை வைத்துக்கொண்டே டோனீஸ் 19 ஆண்டு நாற்காலியில் இருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தவர்கள் இதே உறுப்பினர்கள்தான். வெற்றிகள் வந்தவரை யாரும் இறைச்சி ஆலைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

2021 ஜூன் மாதம் கிளப்பின் ஆண்டுக் கூட்டம், கொரோனாவால் இணையவழியில் நடந்தது. மேற்பார்வைக் குழுவுக்குப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அதன்பின் இரண்டாம் பிரிவு ஆட்டங்கள் தொடங்கின.